சோலைமலை கட்டியதும் நாய்கள் படுத்ததும்

1950 தை மாதம், திம்புள்ளப் பக்கத்துக் குதிரைப்பாலத் தோட்டத்தில், கூலி ஆட்களின் ஒற்றை அறை வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கும் ஐந்தாம் லயத்தில், கடைசிக் காம்பராக்காரனான சோலைமலையின் பின்வாசல் ஒரு முழம் வளர்ந்தது. அதே வாரத்தில் கருவாட்டு விலையும் ஏறியது. லயத்து ஆட்கள் கருவாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கருவாடு எல்லாரும் வாங்கவேண்டிய சாமான், பின்வாசல் ஒருத்தனுடையது. ஒவ்வொரு காம்பராவுக்கும் பின்னால் தோட்டம் விட்டுவைத்த இடம் ஆறடிதான். அதற்கப்பால் மழைத்தண்ணீர் ஓடும் கான், கானுக்கு அப்பால் தேயிலை. ரோட்டில் நின்று பார்த்தால் சோலைமலையின் இடமும் அந்த ஆறடிதான், கானும் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவனுடைய பின்கதவைத் திறந்து இறங்கி நடந்தால் கான் வந்துசேர ஒரு முழம் கூட ஆனது. பக்கத்துக் காம்பரா மீனம்மா தன் கம்பளியை அங்கே காயப்போட்டுப் பார்த்து, முன்னே மடித்துப் போட்ட கம்பளியை இப்போது விரித்தே போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சோலைமலைக்குக் கை சும்மா இருக்காது. மலையில் கவ்வாத்து வெட்டுகிற வேலை, காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் தேயிலைச் செடிகளை ஒரே மட்டமாக வெட்டிச் சாய்த்துவிட்டு வருகிறவன், வந்ததும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காலை நீட்டுவானா என்றால் மாட்டான். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே பின்வாசலுக்குப் போய் எதையாவது தோண்டுவான், எதையாவது நடுவான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஒரு பறப்பு. குடித்த பேணி அங்கேயே கிடக்கும், மறுநாள் அவனுடைய பெண்சாதி ராக்காயி அதைத் தேடி எடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தன் பக்கத்தில் சேர்ந்தாற்போல உட்கார்ந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை என்று அவள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். பிள்ளை குட்டி இல்லை. அந்தக் குறையும் இருவருக்கும் இருந்தது, அதைப் பற்றி இருவரும் பேசமாட்டார்கள். அதற்குப் பதிலாக செம்பன் என்ற நாயும், அதன் தம்பியும், மீசைக்காரி என்ற பூனையும் இருந்தன.

அந்தத் தை மாதம் அவன் கட்டியது கோழிக்கூடு. கோழி வாங்குவதற்கு முன்பே செம்பன் அதற்குள் புகுந்து சுருண்டு படுத்துக்கொண்டது. விரட்ட அவனுக்கு மனசு வரவில்லை. நாய் ஒரு பகல் முழுக்க அங்கே தூங்கி எழுந்தபோது, கூடு பிடித்திருந்த அளவுக்கு இடம் பின்னால் புதிதாகக் கிடந்தது. சரி, இதில் கூடு கட்டலாம் என்று சோலைமலை இன்னொன்று கட்டினான். அதில் செம்பனின் தம்பி படுத்தது. மறுபடியும் இடம். முட்டைக்கோவா நடப் பாத்தி போட்டான், இளகின மண் பூனைக்கு மெத்தையாகிவிட்டது. ரொட்டி சுடச் செங்கல் அடுப்புக் கட்டினான், நெருப்பு மூட்டுமுன்னே மீசைக்காரி அதில் குட்டி போட்டது. பீலித் தண்ணீரைச் சேர்த்துவைக்க இடுப்பளவு தொட்டி தோண்டினான். தண்ணீர் வருவதற்கு வாய்க்கால் வெட்டாமலே வேறு வேலைக்குப் போய்விட்டான், அதில் ஆறு நாய்கள் வரிசையாகப் படுத்தன. ஆறு எங்கிருந்து வந்தன என்று கேட்காதீர்கள். இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த நாய்தான் வராது? கூப்பன் அரிசி கொத்து எழுபது சதமாகி ஊரெல்லாம் கடையடைத்த வருஷம், சோலைமலையின் பின்வாசலில் ஒரு முனையில் கூப்பிட்டால் மறுமுனையில் காது கொடுத்துத்தான் கேட்கவேண்டியிருந்தது. ஒரு வேலையும் உருப்படியாக முடியவில்லை. கதவு வைத்த கூட்டுக்குக் கொண்டியில்லை, ஏணிக்கு நடுவில் இரண்டு படி இல்லை. இல்லாத படியைத் தாண்டிப் பூனைகள் மட்டும் ஏறி உட்கார்ந்திருந்தன.

அவன் ஏன் இப்படிப் பறக்கிறான் என்று லயத்துக்குத் தெரியாமலில்லை. சோலைமலை சிறுவனாக இருந்தபோது அவனுடைய அப்பனுக்கு வலப்பனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டு வந்தால் வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. பானை சட்டியை ரோட்டில் தூக்கிப்போட்டார்கள். மழைக்குள் குடும்பமே மாட்டுப்பட்டியில் மாடுகளோடு கிடந்தது. அதிலிருந்து அவனுக்குக் கூரையைப் பார்த்தாலே பயம். இது என்னுடையதில்லை, இன்றைக்கோ நாளைக்கோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்று எந்த நேரமும் மனசுக்குள் ஒரு அடிப்பு. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். ஐம்பத்து நாலில் அதைத் தள்ளிவிட்டார்கள். தங்கச்சி கல்யாணத்துக்குத் துறையூருக்குப் போய்விட்டு வந்திருக்கிறாய், தொடர்ந்து இங்கே இருந்ததாகக் கணக்கில்லை என்றார்கள். ஹட்டனுக்குப் போய் அந்தச் சேதியைக் கேட்டு வந்தவன் சாப்பிடவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே பின்வாசலுக்குப் போனான். அன்றைக்கு அவன் தோண்டியது ஒரு வீட்டுக்கான கால்குழி. யாரும் எழுப்பிவிட முடியாத ஒரு வீடு தனக்கும் ராக்காயிக்கும் வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

முதல் வீட்டுக்கு நாலு டர்பண்டைன் மரக் கம்பமும் மானாப்புல் கூரையும் போட்டான். சுவர் வைக்குமுன் நாய்கள் படுத்துவிட்டன, இடம் தள்ளிப்போனது. அந்தப் புதிய இடத்தில் இரண்டாவது வீடு, அதுவும் அப்படியே. மூன்றாவதை ராக்காயி போய்ப் பார்த்துவிட்டு, நாய்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அவளுக்கு வேலைக்குப் போய்வந்து இந்தப் பட்டாளத்துக்கு ரொட்டி தட்டிப் போட்டே கை ஓய்ந்தது. இருந்தாலும் ஒரு குட்டியைக்கூட அவள் பட்டினி போட்டதில்லை. திட்டிக்கொண்டே போடுவாள். ஒரு நாய்க்குத் தொரை என்று பேர் வைத்திருந்தாள். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரப் பெரிய தொரை குதிரையில் அந்தப் பக்கம் போனபோது, ஏ தொர, எச்சிச்சட்டிய நக்காத என்று அவள் போட்ட சத்தத்தில் லயமே மூச்சடங்கி நின்றது. நல்ல வேளை, தொரைக்கு அவ்வளவு தமிழ் வராது.

தப்பு நடந்தது ஐம்பத்தெட்டில். அந்த வருஷம் சோலைமலைக்குப் புதிதாக ஒரு யோசனை. இவ்வளவு இடத்தையும் வேலி போட்டுவிட்டால் தனக்கென்று ஆகிவிடும் அல்லவா? கவ்வாத்துக் காலம் அது. வெட்டிச் சாய்த்த மிலாறை ஆட்கள் விறகுக்குக் கட்டித் தூக்கிப்போவார்கள். இரண்டு கிழமை காயப்போட்டு, உயிர் போனபிறகுதான் யாரும் அதை மண்ணில் ஊன்றுவார்கள். சோலைமலைக்கு எங்கே அந்தப் பொறுமை? வெட்டிய அன்றைக்கே பச்சையாகக் கொண்டுவந்து ஊன்றினான். அடுத்த மழைக்கு வேலி துளிர்த்தது. துளிர்த்தால் துளிர்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாலும் பரவாயில்லை. தேயிலையை விட்டால் அது மரமாக வளர்ந்து பூத்துக் காய்த்து நிற்கும், காட்டு மரம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் கவ்வாத்து வெட்டிய கைக்கு ஒரு செடி மட்டமில்லாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியைத் தீட்டிக்கொண்டு போய் வேலி முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டிவிட்டான். வேலி படர்ந்து மேசை போல ஆனது. அடுத்து ராக்காயியின் கை. பச்சையாக இரண்டு இலையும் ஒரு மொட்டும் எதிரே நின்றால் அவள் விரல் அவளைக் கேட்பதில்லை. மத்தியானம் நாய்களுக்குச் சோறு போட வந்தவள் பேசிக்கொண்டே கிள்ளிக் கூடையில் போட்டாள், மாலையில் அதையும் சேர்த்தே கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுத்துக் கொடுத்தாள். தன்னுடையது, தோட்டத்துடையது என்று அவள் யோசிக்கவே இல்லை.

கண்டாக்கு மயில்வாகனம் யாழ்ப்பாணத்து மனுஷர், மலையில் கொழுந்தெடுப்பை மேற்பார்க்கிற உத்தியோகம், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நிறுவையைப் பார்ப்பவர். வீட்டுக்குப் போய்வருகிற ஒருத்தியின் கூடை மட்டும் கனக்கிறதே என்று ஒரு நாள் அவள் பின்னாலேயே வந்தார். பின்கதவைத் தாண்டி இறங்கியவர் வாயைப் பிளந்து நின்றுவிட்டார். வேலி வரிசை வரிசையாக மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு நாயோ பூனையோ படுத்திருந்தது. அவர் குனிந்து ஒரு செடியின் வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"இதை ஆர் கவ்வாத்து வெட்டினது?"

"நான்தாங்க ஐயா," என்றான் சோலைமலை. அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனுடைய வெட்டை யாரும் நின்று பார்த்ததில்லை.

"நல்ல வெட்டு," என்றார் கண்டாக்கு. பிறகு நிதானமாக, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்த தேயிலை தோட்டத்துத் தேயிலை, அது நிற்கிற மண் தோட்டத்து மண் என்று சொன்னார். அப்போதுதான் சோலைமலைக்குத் தான் வாயைத் திறந்து என்ன செய்துகொண்டோம் என்று உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. ராக்காயி தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய தொரை அந்த இடத்தையும் தோட்டத்துத் தேயிலைக் காட்டுக் கணக்கில் சேர்த்து, நாற்பத்தொன்றாம் நம்பர் மலை என்று பேர் வைத்தார். மலைக்குள் கட்டடம் இருக்கக்கூடாது, ஆகவே பாதி வீடு, முக்கால் வீடு எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். மலைக்குள் நாயும் இருக்கக்கூடாது, ஆகவே காவல்காரர் நல்லமுத்து துவக்கோடு போய்ச் சுட்டுவிட வேண்டும். நல்லமுத்து ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை, சொன்னதைச் செய்கிறவர். காலையில் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவைத் தாண்டி உள்ளே போனார். நாய்கள் எழுந்து கொஞ்ச தூரம் முன்னால் போய்ப் படுத்தன. படுத்த இடத்துக்குத் தகுந்த மாதிரி பின்வாசல் நீண்டது. அவர் குறிபார்க்கும் தூரத்துக்கு வந்ததும் அவை மறுபடி எழுந்து, சோம்பல் முறித்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் படுத்தன. நல்லமுத்து மூன்றாம் நாள் தாடியும் பசியுமாகத் திரும்பிவந்து, நாய்கள் இருக்கின்றன, ஆனால் தூரத்தில் இருக்கின்றன என்று அறிக்கை சொன்னார். சோலைமலை அந்த மூன்று நாளும் பின்படியில் நின்றபடியே இருந்தான். ஒரு வெடிச்சத்தமும் கேட்கவில்லை என்று நிச்சயமானபிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது, எல்லார் முன்னாலும் அழுதான்.

கொழுந்தெடுக்கப் பெண்களை அனுப்பினார்கள். ஒரு மலையில் இன்றைக்குக் கொழுந்தெடுத்தால் ஏழாம் நாள் சுற்றி வந்து மறுபடி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் இலை முற்றிவிடும். மீனம்மாவும் மற்றவர்களும் வரிசை பிடித்து உள்ளே போனார்கள். நாய்கள் அவர்களுக்கு முன்னால் போய்ப் போய்ப் படுத்தன. வரிசை முடிந்தபாடில்லை. கண்டாக்கு சங்கிலி பிடித்து அளக்கப் போனார். வெளியே பிடித்தால் ஆறடி, உள்ளே பிடித்தால் சங்கிலி தீர்ந்தது, இடம் தீரவில்லை. பெண்கள் திரும்பிவருமுன் முதல் வரிசை ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்துவிட்டது. வந்த கொழுந்தைவிடக் கொடுத்த சம்பளம் அதிகம் என்று கண்ட பெரிய தொரை, அறுபத்திரண்டில் நாற்பத்தொன்றாம் நம்பரைக் கைவிட்ட மலை என்று தள்ளிவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். மீனம்மாவுக்கு மட்டும் வருத்தம். அங்கே காலைக் கடிக்கிற அட்டையே இல்லை, அந்த மாதிரி மலையில் ஆயுசில் வேலை செய்ததில்லை என்றாள்.

அடுத்து வந்த தொரை சின்ன வயசு. எதையும் நம்பாதவர். ரோட்டில் நின்று அந்த ஆறடியைப் பார்த்தார். ஆறடி நிலத்தால் தோட்டம் நாலு வருஷம் நட்டப்பட்டதாகச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? இதற்கெல்லாம் ஒரு ஆள் காரணமாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அறுபத்து நாலு ஐப்பசியில், கடலுக்கு இரண்டு பக்கத்துத் தேசத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை லட்சம் பேர் அந்தக் கரைக்கு, இத்தனை லட்சம் பேர் இந்தக் கரைக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள் என ரேடியோவில் சொன்ன அதே கிழமையில், சோலைமலைக்குப் பத்துச்சீட்டு வந்தது. மாசக் கடைசிக்குள் காம்பராவைக் காலி பண்ணவேண்டும். லயம் முழுக்க யார் எந்தக் கரை என்று கலங்கிக்கொண்டிருந்தது. சோலைமலைக்கு அதைக் கேட்கவும் நேரமில்லை. நாட்டுக்கு வருஷக்கணக்கில் தவணை இருந்தது, அவனுக்கு மாசக் கடைசிதான் தவணை.

அவன் மரம் அறுக்கிற வாளையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பின்வாசலின் கடைசிக்கு ஓடினான். அங்கே கம்பம் நட்டான். செம்பனின் பேரப்பிள்ளைகள் வந்து படுத்தன. இடம் தள்ளிப்போனது. இன்னும் ஓடி மறுபடி நட்டான், மறுபடி படுத்தன. ராக்காயி சோற்றுச்சட்டியோடு நடக்கும் தூரம் நாளுக்கு நாள் கூடியது. சோறு ஆறிப்போனது, பிறகு கெட்டே போனது. அவன் தின்பதையும் விட்டான், முகம் வழிப்பதையும் விட்டான். சில நாள் கடைசியிலிருந்து சுத்தியல் சத்தம் மட்டும் மழைக்குள் கேட்கும், ஆள் தெரியமாட்டான். மாசக் கடைசிக்கு முன்நாள் பகலில் ராக்காயி போனபோது கூரையும் மூன்று சுவரும் நின்றன. உள்ளே, கதவுக்கு விட்ட இடத்துக்கு நேரே, தொரை படுத்திருந்தது. கிழடு தட்டிப்போன நாய், ஒரு பின்னங்கால் ஊனம். சோலைமலை அதற்கு மேலே சுத்தியலை ஓங்கிக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் எதன் மேலும் அவன் கை ஓங்கியதில்லை. எந்திரி, எந்திரி என்று கத்தினான். கத்தல் அழுகையாகிவிட்டது. நாய் அவனை அண்ணாந்து பார்த்தது. பிறகு எழுந்திருக்காமலே கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டது.

ராக்காயி சட்டியைக் கீழே வைத்தாள். சுத்தியலை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"ஏங்க, அதுகளுக்கு ஒரு கூடு போதுமுன்னு தெரியுதுங்க. படுத்துச்சுங்க, அது அதுகளுக்குன்னு ஆயிருச்சு. நீங்க கட்டுனதுல ஒரு நாளாவது படுத்திருக்கீங்களா?"

"நாளைக்குக் காம்பராவுல வந்து வெளிய போடுவாங்க புள்ள."

"போடட்டும். நீங்க இப்ப படுங்க."

நாலாவது சுவர் இல்லை, கதவில்லை, கூரையில் ஒரு பக்கம் ஒழுகியது. சோலைமலை முட்டி போட்டான். கையை ஊன்றினான். படுப்பதற்குக்கூட அவனுக்குப் பழக்கமில்லை, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் புரண்டான். பிறகு நாய் விட்ட இடத்தில் காலை மடக்கிக்கொண்டு படுத்தான். ராக்காயி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவன் தூங்குவதை அவள் பகல் வெளிச்சத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பூனைகள் ஒவ்வொன்றாக வந்து ஒழுகாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தன. மழை விட்டபோது அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடையும், ஓடைக்கு அப்பால் ஒரு முழு மலையும் இருந்தன. மலையில் தேயிலை இல்லை. ஒரு நாய் இப்படிப் படுத்தால் ஒரு முழம் கிடைக்கும். அத்தனை வருஷமாகப் படுக்காத ஒரு மனுஷன் படுத்ததற்கு இது நியாயமான கணக்குத்தான் என்று லயத்தில் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் நல்லமுத்துவும் இரண்டு ஆட்களும் சாமானைத் தூக்கி வெளியே போட வந்தார்கள். காம்பரா துப்புரவாகக் கூட்டியிருந்தது. அம்மியைத் தவிர ஒன்றுமில்லை, அம்மியை எப்போதும் யாரும் தூக்கிப்போவதில்லை. பின்கதவு திறந்து கிடந்தது. தொரை வந்து பார்த்தார், ஆறடி மண்ணும் ஒரு கானும் தெரிந்தன. ஆள் போய்விட்டான் என்று திருப்தியாகத் திரும்பினார். அந்தக் காம்பராவை அழகுமுத்து என்பவரின் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அழகுமுத்துவின் பெண்சாதி வீரம்மா வந்த நாளே விஷயத்தை விளங்கிக்கொண்டாள். பின்கதவுக்குக் கொண்டி போடுவதில்லை. ராக்காயி உப்புக்கோ நெருப்புக்கோ வந்தால் கொடுப்பாள், பதிலுக்கு அங்கே விளைந்த கோவாவோ போஞ்சிக்காயோ வாங்கிக்கொள்வாள். போஞ்சி நல்ல போஞ்சி, நுவரெலியாச் சந்தையில் வருவதைவிட நீளம்.

அறுபத்தைந்தில் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு உத்தியோகத்தர் லயம் லயமாக வந்தார். சோலைமலை என்று ஒரு ஆள் இருந்திருக்கிறானே, அந்தக் கரைக்குப் போனானா, இந்தக் கரையில் இருக்கிறானா என்று சிங்களத்தில் விசாரித்தார். கூட வந்த மயில்வாகனம் பின்கதவைத் திறந்துவிட்டார். உத்தியோகத்தர் நடந்தார். சப்பாத்து கடித்தது, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் கிடந்த நாய்களில் ஒன்றுகூட அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை. சாயங்காலம் ஓடைக்கரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்கு இன்னமும் மூன்று சுவர்தான். ராக்காயி வாசலில் இரண்டு பேணியில் தேத்தண்ணி ஊற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷனைக் கூப்பிடு, எந்தக் கரை என்று அவன் வாயால் சொல்லவேண்டும் என்றார் உத்தியோகத்தர்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தூங்குறாங்க ஐயா. எழுப்ப மாட்டேன்."

உத்தியோகத்தர் வாசலில் உட்கார்ந்தார். கால் வலித்தது. அவள் நகர்த்திவைத்த தேத்தண்ணியைக் குடித்தார், சீனி சரியாக இருந்தது என்றார், இருட்டுமுன் போய்விட வேண்டும் என்று எழுந்து சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த காம்பராவைப் பார்க்க நடந்தார்.